மாதவிடாய்ச் செயலி: கணிப்பு போதாது, கணக்கு வேண்டும்

குரோம்பேட்டை அரசு மருத்துவமனையாக இருந்தாலும் சரி, சேலையூரில் மாலையில் மட்டும் திறக்கும் சிறு கிளினிக்காக இருந்தாலும் சரி, பெண்ணிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கடைசியா எப்போம்மா பீரியட்ஸ் ஆச்சு?” அடுத்தது, “எத்தனை நாள் போகும்? ஒரு நாளைக்கு எத்தனை பேடு மாத்துவீங்க? கட்டி கட்டியாப் போகுதா?” பதில்கள் இப்படி வரும்: “போன மாசம் ரேஷன் வாங்கின அன்னிக்கு.” “ஆடி வெள்ளிக்கு ரெண்டு நாள் முன்னாடி.” “எப்பவும் போலத்தான் போகுது டாக்டர்.” வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது, இந்தக் கடைசி பதிலைத் தோண்டிப் பார்க்க மருத்துவருக்கு நேரம் இருப்பதில்லை. பத்து வருடமாக அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருப்பவருக்கு அதுதானே ‘எப்பவும் போல’?

நாப்கின் விஷயத்தில் தமிழ்நாடு பெரிய தூரத்தைக் கடந்துவிட்டது. 2012இல் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டம், வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதலில் கிராமப்புறங்களுக்கு, பிறகு நகரங்களுக்கும். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15-24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ எல்லோருமே சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. அதே கணக்கெடுப்பில், 15-49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. உணவு, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால், மாதாமாதம் வெளியேறும் ரத்தத்தை நாம் எங்கேயும் அளந்து பார்க்கவே இல்லை. நாப்கின் கொடுத்தோம், அது எவ்வளவு நனைகிறது என்று கேட்கவில்லை. மாதவிடாய்ச் செயலி என்று ஒன்றை நமக்காக வடிவமைப்பதானால், வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது கைபேசிகளில் இருக்கும் செயலிகள் வேறொரு வேலையைச் செய்கின்றன. அடுத்த தேதியைச் சொல்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்துக்குள் நுழையும் பெண்களிலும், சோழிங்கநல்லூர், சிறுசேரி ஐடி அலுவலகங்களுக்குப் போகும் பெண்களிலும் பலர் இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்திருக்கிறார்கள். இளஞ்சிவப்புத் திரை, பூக்கள், ‘இன்னும் 6 நாள்’ என்று ஓர் எண். அந்த எண்ணின் பின்னால் இருப்பது பெரும்பாலும் எளிய சராசரிதான்: கடந்த சில சுழற்சிகளின் நீளத்தைக் கூட்டி வகுப்பது. சுழற்சி சீராக இருப்பவருக்கு அது பலிக்கும். சீராக இருப்பவருக்கு அந்தக் கணிப்பு அவ்வளவாகத் தேவையும் இல்லை. தேவைப்படுபவர் ஒரு மாதம் 24 நாளிலும் மறு மாதம் 41 நாளிலும் வருபவர். அவருக்குச் சராசரி தரும் தேதியால் எந்தப் பயனும் இல்லை. ‘10ஆம் தேதி’ என்று அடித்துச் சொல்வதைவிட ‘8 முதல் 19க்குள்’ என்று சொல்வதுதான் நேர்மை. ஆனால், தேதி சொல்லும் செயலியைத்தான் மக்கள் தரவிறக்குவார்கள் என்பது நிறுவனங்களின் கணக்கு.

28 நாள் என்ற எண் நம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, செயலியின் தொடக்க அமைப்பிலும் இருக்கிறது. 2019இல், செயலி ஒன்றில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து வெளியான கட்டுரையில் சராசரி 29.3 நாள் என்று வந்தது. பெண்ணுக்குப் பெண் வேறுபாடும் மிகுதி. அந்தத் தரவைத் தந்தவர்கள்கூடப் பெரும்பாலும் மேலைநாட்டுப் பெண்கள். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இருப்பது இயல்பு என்கிறது மருத்துவம். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு 40ஆம் நாள் வந்தால் செயலி சிவப்பில் ‘12 நாள் தாமதம்’ என்று காட்டும். வயதைக்கூடக் கேட்காத செயலி, ‘தனிப்பட்ட முறையில் உங்களுக்காக’ என்று விளம்பரம் செய்துகொள்ளும்போது கோபம்தான் வருகிறது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய சுழற்சியைக் கையில் கொடுக்கும் முயற்சி நம் பக்கத்தில் முன்பே நடந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌரின் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய டாக்டர் ஏப்ரகாம் ஸ்டோன் டெல்லியின் லோதி காலனியிலும், அன்றைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் ‘பாதுகாப்பான நாள்’ முறையைப் பரப்பும் சோதனையைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வண்ண மணி மாலை கொடுக்கப்பட்டது. ஒரு நாளுக்கு ஒரு மணி, நிறத்தைப் பார்த்து நாளை அறியலாம். கடைப்பிடித்தவர்கள் சிலரே. அந்தச் சோதனையைத் திட்டமிட்டவர்கள் அறிய விரும்பியது கருத்தரிக்கும் நாளை மட்டும்தான். அந்தப் பெண்களுக்கு வலி இருந்ததா, தலைசுற்றல் இருந்ததா, எவ்வளவு ரத்தம் போனது என்பதை மணிமாலை கேட்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, கண்ணாடித் திரையிலும் அதே நாளைச் சுற்றித்தான் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது இன்னும் பொருந்தாது. இங்கே திருமணமான 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு, இருபதுகளின் நடுவிலேயே அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மாதவிடாய் இருக்கிறது. பாதித் திரையைக் ‘கருத்தரிக்க உகந்த நாள்’ என்று ஒதுக்கும் செயலி இந்தப் பெண்களிடம் சொல்வதற்கு என்ன வைத்திருக்கிறது?

அப்படியானால் எதை அளக்க வேண்டும்? இதற்கு ஒரு பழைய காகிதம் வழிகாட்டுகிறது. 1990இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹையமும் சக மருத்துவர்களும் ஒரு பட அட்டவணையை வெளியிட்டார்கள். அதில் எழுத்து மிகக் குறைவு, நாப்கின் படங்கள்தான். லேசாகக் கறைபட்டது ஒன்று, பாதி நனைந்தது ஒன்று, முழுக்க நனைந்தது ஒன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பொருத்தமான படத்துக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். லேசான கறைக்கு 1, நடுத்தரத்துக்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20 மதிப்பெண். கட்டிகளுக்குத் தனியாகச் சிறியதற்கு 1, பெரியதற்கு 5. ஒரு மாதவிடாயில் மொத்தம் 100ஐத் தாண்டினால், 80 மில்லிக்கு மேல் ரத்தம் போயிருக்க வாய்ப்பு அதிகம், கவனிக்க வேண்டிய நிலை. அவ்வளவுதான். ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம்.

ஐந்து நாளும் முழுக்க நனைந்த நாப்கினை நாளுக்கு மூன்று என்று மாற்றும் பெண் இந்தக் கணக்கில் 300க்கு வந்துவிடுவார். அவர் ‘எப்பவும் போலத்தான்’ என்று சொன்னவராக இருக்கலாம். ஹீமோகுளோபின் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த மருத்துவருக்கு, அந்த எண்ணைப் பார்த்ததும் நார்க்கட்டி இருக்கிறதா, தைராய்டு எப்படி, ரத்தம் உறைவதில் குறை ஏதும் உண்டா என்று தேடத் தோன்றும். இந்த அட்டவணையிலும் குறை உண்டு. அந்தக் காலத்து நாப்கினை வைத்துச் செய்தது. இன்று கடையில் விற்கும் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் எல்லாம் உறிஞ்சும் அளவில் வேறு. துணி பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கப் பயன்படுத்துபவர்கள் மில்லி கணக்கிலேயே பார்க்கலாம். ஆகவே, நம் ஊரில் விற்பதையும் அரசு கொடுப்பதையும் வைத்து மதிப்பெண்ணைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். மகப்பேறு மருத்துவத் துறை உள்ள எந்த அரசு மருத்துவக் கல்லூரியும் செய்யக்கூடிய ஆய்வு இது. செங்கல்பட்டில் அப்படி ஒன்று இருக்கிறது.

நம் பெண்களின் வாழ்க்கையில் உள்ள வேறு சில விஷயங்கள் வெளிநாட்டுச் செயலிகளின் கேள்விப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. நாள் தள்ளிப்போட மாத்திரை போடுவது அவற்றில் முதலாவது. அக்கா கல்யாணம், திருப்பதி பயணம், வீட்டில் கிரகப்பிரவேசம். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கி, ஒரு வாரம் விழுங்கிவிடுகிறார்கள். மேல்மருவத்தூர் போகும் செவ்வாடைப் பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாதவிலக்கு நாளிலும் கருவறை வரை போகலாம் என்று அங்கே வழக்கமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. மற்ற இடங்களுக்கு மாத்திரைதான். மருத்துவரைக் கேட்காமல் போடப்படும் அந்த ஹார்மோன், ரத்தக்கட்டு வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஆபத்து. செயலியின் பக்கம் பார்த்தாலும், அந்த மாதச் சுழற்சியின் நீளம் மாத்திரையால் வந்தது. உடம்பின் இயல்பைக் காட்டாது. ‘இந்த மாதம் தள்ளிப்போட மாத்திரை போட்டேன்’ என்று குறிக்க ஒரு பொத்தான், அதைத் தொட்டால் யாரெல்லாம் அதைப் போடக் கூடாது என்று நான்கு வரி. அதேபோல, பிரசவம் முடிந்த கையோடு அரசு மருத்துவமனையில் வைக்கப்படும் காப்பர்-டி. வைத்த பிறகு முதல் சில மாதங்கள் கூடுதலாகப் போகலாம் என்று தெரியாமல் பயந்து எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எடுக்க வேண்டிய அளவுக்குப் போயும் பொறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் எண் உதவும்.

நாற்பதைத் தாண்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செயலிகளின் விளம்பரப் படங்களில் இவர்களைப் பார்க்கவே முடியாது. ஆனால், பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் இருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்தான் மாதத்தில் பத்து நாள் போகிறது என்று வேலைக்குப் போகாமல் படுக்கிறார். “கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறார். ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் போய், மாத்திரையில் பார்க்கலாமா, ஹார்மோன் வளையம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க முடியும். முழுதாக ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். இந்த ஒரு வாக்கியத்தை உரிய வயதில், உரிய நேரத்தில், தமிழில் சொல்லும் செயலி உயிரைக் காப்பாற்றும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இவ்வளவு அந்தரங்கத்தை எழுதி வைக்கச் சொல்லும்போது, அது யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி வரும். வர வேண்டும். உலகின் மிகப் பிரபலமான செயலிகளில் ஒன்றான ஃப்ளோ, பயனர்களின் மாதவிடாய், கர்ப்பம் பற்றிய விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குப் போகவிட்டது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டி, 2021இல் அந்த நிறுவனத்தோடு சமரச உடன்பாடு எழுதியது. அதன் தொடர்ச்சியான வழக்கில் 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஜூரி, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. பெங்களூரு நிறுவனமொன்று உருவாக்கிய ‘மாயா’ செயலி, பயனர் நிபந்தனைகளுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பியதை 2019 செப்டம்பரில் பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு அம்பலப்படுத்தியது; அதன் பிறகே அந்த நிறுவனம் உரிய நிரல்களை நீக்கியது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது, தங்கள் தேதிகளே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்று பயந்து அங்கே பெண்கள் இந்தச் செயலிகளை அவசர அவசரமாக அழித்தார்கள்.

இங்கே அந்த அச்சம் இல்லை; வேறு அச்சங்கள் உண்டு. ஜிஎஸ்டி சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் கருத்தரிப்பு மையங்களின் பெரிய பெரிய பலகைகளைப் பார்க்கிறோம். இரண்டு மாதம் நாள் தள்ளாமல் ‘முயற்சி செய்கிறோம்’ என்று குறித்த பெண்ணின் விவரத்துக்கு அந்தச் சந்தையில் விலை இருக்கிறது. பிசிஓடி இருக்கலாம் என்று செயலி சொன்ன மறுநாள் பொடி விற்கும் விளம்பரம் வருகிறது. வேலையிடத்து அச்சம் இன்னும் கூர்மையானது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னதை, ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்கள் எந்த மாத்திரையை, எத்தனை வருடம் விழுங்கினார்கள் என்று அவர்களிடமே பதிவு இல்லை. ஆகவே, 1984 முதல் இயங்கும் மெப்ஸாகட்டும், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளாகட்டும், நிர்வாகமே ‘நலவாழ்வுச் செயலி’ என்று ஒன்றைத் தரவிறக்கச் சொன்னால் அதை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெண்ணின் தேதி மேற்பார்வையாளரின் அட்டவணைக்குப் போகக் கூடாது.

வீட்டுக்குள்ளேயும் காவல் தேவை. கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் மூவர் தங்களுக்கென்று கைபேசி வைத்திருக்கிறார்கள். இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கம் குடியிருப்பிலும் ஒரு ஸ்மார்ட்போன் வீட்டுக்குப் பொது. பகலில் அம்மாவோடு வேலைக்குப் போய், மாலையில் மகள் வீட்டுப்பாடத்துக்கும் மகன் விளையாட்டுக்கும் கை மாறுகிறது. தம்பி விளையாடிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே ‘நாளை உங்கள் மாதவிடாய் தொடங்கலாம்’ என்று அறிவிப்பு வந்தால், அந்தப் பெண் அன்றே செயலியை நீக்கிவிடுவாள். யுனிசெஃப் உருவாக்கி 2020இல் இந்தோனேசியாவிலும் மங்கோலியாவிலும் வெளியிட்ட ‘ஓக்கி’ இந்தச் சிக்கலை உணர்ந்த செயலி. சிறுமிகளோடு உட்கார்ந்து பேசி வடிவமைத்தது. ஒரே கைபேசியில் பலர் தனித்தனிக் கடவுச்சொல்லோடு நுழையலாம். இணையம் இல்லாமலும் இயங்கும். நிரல் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் பெண்கள் குழு ஒன்று உருவாக்கிய ‘டிரிப்’ செயலியில் எழுதுவதெல்லாம் கைபேசியிலேயே தங்கிவிடுகிறது. வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை.

விவரம் கைபேசியை விட்டு வெளியே போகாமல் இருப்பது சட்டச் சிக்கல் ஒன்றையும் தீர்க்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதலைக் கேட்கின்றன. பாதுகாப்புக்காக வந்த விதி அது, வரவேற்கிறேன். ஆனால், 13 வயதுப் பெண் தன் வயிற்றுவலியைக் குறித்துக்கொள்ள அப்பாவின் கைபேசிக்கு வரும் ஓடிபியை வாங்கி வர வேண்டும் என்றால், எத்தனை பேர் கேட்பார்கள்? செயலியை உருவாக்கியவரிடம் எந்தத் தரவும் வராது என்றால், இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அந்தப் பெண் பழைய நோட்டில் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

அரசிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி தளத்தால் தமிழ்நாடு பெரும் நன்மை அடைந்திருக்கிறது. கடைசி மாதவிடாய்த் தேதியைச் சொல்லி பிக்மி எண் வாங்கினால்தான் பின்னால் பிறப்புச் சான்றிதழ் வரை வேலை நடக்கும் என்பது இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில், மாதவிடாய்ச் செயலியையும் ஆதாரோடு இணைத்து, செவிலியரின் திரையில் எல்லாப் பெண்களின் தேதியும் தெரியும்படி செய்யலாம் என்று நல்லெண்ணத்தோடே யாருக்கேனும் தோன்றக்கூடும். செய்யக் கூடாது. கர்ப்பப் பதிவு ஒரு பெண் தானே முன்வந்து கேட்கும் சேவை. மாதாமாதத் தேதி அப்படிப்பட்டது அல்ல. திருமணமாகாத பெண்ணின் நாள் தள்ளியதை ஓர் அலுவலகம் அறிந்திருப்பது அவள் கழுத்தில் கத்தி. அரசு செய்ய வேண்டியது வேறு: செயலியை உருவாக்கப் பணம் கொடுப்பது, மருத்துவக் குறிப்புகளைச் சரிபார்த்துத் தருவது, சுகாதார நிலையத்துக்கு வரும் பெண் கைபேசியை நீட்டினால் அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்க மருத்துவருக்கும் செவிலியருக்கும் சொல்லித் தருவது.

கழிப்பறை சுத்தமில்லாத ரயில் நிலையத்தையும், இடைவேளை கொடுக்காத உற்பத்தி வரிசையையும் செயலி சரிசெய்யாது. அந்தப் போராட்டங்கள் தனியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும்; இதைக் காட்டி அதை ஒத்திப்போட விடக் கூடாது.

இதைத் தாம்பரத்தில் தொடங்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1949இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்ஐடி வளாகமும் அரசு மருத்துவமனையும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்றில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறார்கள். மற்றொன்றில் நாள்தோறும் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிழக்கே தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, சானடோரியத்தில் தோழி மகளிர் விடுதி. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பெண்கள் நிறைந்த வாடகை வீடுகள், அவர்களுக்குத் தமிழோடு ஒடியாவும் இந்தியும் வேண்டும். 2021இல் உருவான மாநகராட்சியின் முதல் மேயராக அமர்ந்தவர் ஓர் இளம் பெண். எழுபது வார்டுகளில் பாதி பெண்களுக்குரியவை. ஓக்கியின் நிரலை எடுத்து, அதில் பட அட்டவணையைச் சேர்த்து, தமிழில் பேசினால் பதிவாகும்படி செய்து, ‘டேட் ஆச்சு’, ‘தூரமாயிட்டேன்’, ‘தலைக்கு ஊத்திக்கிட்டேன்’ என்று எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்ளும்படி பழக்கி, ஆறு மாதக் கணக்கை ஒரே பக்கமாக அச்சிட்டோ காட்டியோ கொடுக்கும்படி அமைப்பது ஒரு கல்லூரி ஆண்டுக்குள் முடியக்கூடிய வேலை. அறிவிப்பு எதுவும் திரையில் வரக் கூடாது. செயலியின் சின்னம் பார்த்தால் கணக்குப் புத்தகம் போல இருந்தால் போதும்.

வழக்கமாக இப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கல்லூரி மாணவிகளைத்தான் அழைப்பார்கள். அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், நேரமும் இருக்கிறது. முதலில் அழைக்க வேண்டியவர்கள் பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், மெப்ஸின் இரவுப் பணி முடிந்து வருகிறவர்கள். அவர்களுக்கு வசதியான ஞாயிறு பிற்பகலில், அவர்கள் குடியிருப்பிலேயே கூட்டம் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இந்தப் படம் புரியவில்லை, இந்தக் கேள்வி எனக்கு வேண்டாம் என்று சொல்லித் தருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. செயலியை எழுதும் பொறியாளருக்குச் சம்பளம் போடும் அதே தலைப்பின் கீழ் அவர்களுக்கும் கூலி போட வேண்டும்.